மருந்துக்கு அடங்காத காசநோயும் மக்கள் குரலும்

காசநோய் குணமாகக்கூடிய நோய்தான். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் போதும். ஆனால் ரிஃபாம்பிசின் போன்ற முக்கிய மருந்துகளுக்கே அடங்காத கிருமி தொற்றிவிட்டால் கதையே வேறு. 2023-ல் மட்டும் உலகில் சுமார் 4 லட்சம் பேருக்கு இந்த வகை காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்!

"அரசும் டாக்டர்களும் பார்த்துக்கொள்வார்கள், மக்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு பெண்களின் கதையே பதில்.

ஒருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். ஆனால் சிகிச்சையில் போட்ட ஊசி மருந்து இருவரின் காதையும் செவிடாக்கிவிட்டது. நோயும் போனது, கேட்கும் திறனும் போனது!

அந்த ஊசிக்கு மாற்றாக வந்தது பெடாகுவிலின் என்ற மாத்திரை. 2018-ல் உலக சுகாதார நிறுவனமே இதற்கு முன்னுரிமை தந்தது. ஆனால் விலை? அந்த ஆண்டு ஆறு மாத மருந்துக்கு 400 டாலர். இதன் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை வாங்கி 2027 வரை நீட்டிக்கப் பார்த்தது ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம்.

இந்தியச் சட்டப்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். 2019-ல் அந்த இரு பெண்களும் ஆட்சேபித்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு துணை நின்றது. 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில், ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்கித் தரும் சர்வதேச அமைப்பு பெற்ற விலை 130 டாலர்!

இருவரும் மருந்து விஞ்ஞானிகள் அல்ல. ஆனால் அந்த ஊசியின் விலை என்ன என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மக்கள் குரல் என்பது இதுதான். மார்ச் 24 அன்று பேரணி நடத்தி, துண்டுப் பிரசுரம் கொடுப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது.

நம் நாட்டில் மாவட்டந்தோறும் காசநோய் மன்றங்கள் அமைக்க அரசே வழிவகுத்திருக்கிறது. அதில் நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் இடம் உண்டு. அந்த இடம் கையெழுத்துப் போட மட்டும்தான் என்றால் என்ன பயன்? மாத்திரை தட்டுப்பாடு எங்கே, தினக்கூலி இழந்து எத்தனை பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள், 2024-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஊசியில்லாத ஆறு மாத சிகிச்சை எந்த ஊர்வரை வந்திருக்கிறது... இதையெல்லாம் அவர்கள் கேட்க வேண்டும், அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முதலில் அவர்கள் வெளியே வந்து பேச வேண்டுமே! வகுப்பில் ஒருவருக்குக் காசநோய் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் யார் பேசுவார்கள்? அவர்கள் பேசத் துணியும் சூழலை உருவாக்குவது டாக்டர் வேலை இல்லை, நம் எல்லோர் வேலை.