பழைய கமராவைத் திருத்துவதா, மாற்றுவதா?

வீட்டில் ஒரு சாமான் பழுதானால் உடனே இரண்டு குரல்கள் எழும். "பழசாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவோம்" என்பது ஒன்று. "நல்லாய் உழைத்த சாமான், கொஞ்சம் பார்த்தால் இன்னும் உழைக்கும்" என்பது மற்றொன்று. எங்கள் கல்லூரி ஊடகக் கழகத்தின் டிஜிட்டல் கமரா பற்றியும் இப்போது இந்த இரண்டு குரல்களும் கேட்கின்றன. பரிசளிப்பு விழாவின் நடுவில் அது இயங்க மறுத்ததிலிருந்து மாணவிகளும் ஆசிரியைகளும் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுது எந்தப் பாகத்தில் என்று அறியாமல் திருத்துவதென்றோ மாற்றுவதென்றோ முடிவெடுக்கக் கூடாது. அறிந்த பின், திருத்தக்கூடியதாயின் திருத்தவே வேண்டும். ஆனால் இரண்டுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய செலவு ஒன்று இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

"எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது கமரா எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாணவிகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது. வருகின்றவர்களின் போனில் எடுக்கப்படும் படமோ அந்த நிமிடமே எங்கெங்கோ போய்விடுகிறது. தன் பிள்ளை மேடையில் நின்ற படம் முன்பின் அறியாதவர் கையில் சுற்றுவதை எந்த உம்மாவும் வாப்பாவும் விரும்புவதில்லை. பழைய கமராவுக்கோ இணையம் தெரியாது. எடுத்த படம் அதன் மெமரி கார்ட்டிலேயே இருக்கும். எதை வெளியில் கொடுப்பது என்பதைக் கல்லூரி ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். மற்றவர்கள் குறையாகச் சொல்லும் இந்தப் பழைமை பெண்கள் கல்லூரி ஒன்றுக்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது. இன்னொன்று: வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூரத்துத் தண்ணீரில் நிற்கும் பூநாரைகளைப் போனில் எடுத்தால் வெறும் புள்ளிகளாகத் தெரியும். நீண்ட லென்ஸ் பூட்டிய கமராவில் எடுத்தால் அவற்றின் அலகும் தெரியும்.

இதைவிடப் பெரிய காரணம் நமது மண்ணின் கதையில் இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். உடுத்த உடுப்போடு போனவர்கள் அல்பங்களைச் சுமந்து போக முடியுமா? நம் வீடுகள் பலவற்றில் 1990க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. மூத்தவர்களின் கல்யாணம் எப்படி இருந்தது, பழைய பள்ளிவாசலின் முகப்பு எப்படி இருந்தது என்பதை வாய்மொழியாகத்தான் கேட்கிறோம். ஊர் இப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2015 மார்ச்சில் ரயில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை வந்தது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. இன்றைய முகத்தை இன்றே பதிந்து வைக்காவிட்டால் நாளை நம் பிள்ளைகளும் வாய்மொழியைத்தான் கேட்பார்கள். ஆகவே கமரா வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கமரா என்பதே கேள்வி.

கமரா எதனால் மூப்படைகிறது என்று பார்ப்போம். 2008இல் வெளியான நிக்கொன் டி90 போன்ற கமராக்களின் ஷட்டர் 100,000 முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. ஒரு கல்லூரியில் வருடத்துக்கு எட்டு நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றிலும் 500 படங்கள் என்று வைத்தாலும் 4,000தான் வரும். அந்தக் கணக்கில் ஷட்டர் 25 வருடம் தாங்க வேண்டும். எனவே கல்லூரிக் கமரா பெரும்பாலும் பாவித்துத் தேய்ந்து சாவதில்லை. அலுமாரிக்குள் கிடந்தே சாகிறது. நமது ஊரின் காற்று உப்புக் காற்று. அது பற்றரி தொடும் முனைகளில் பச்சை பூக்க வைக்கும். ஈரப்பதத்தில் மாதக்கணக்காக மூடிக் கிடக்கும் லென்ஸினுள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். கடற்கரை மணல் லென்ஸ் சுழலும் இடுக்கில் புகுந்து அரைக்கும். இவற்றுக்கெல்லாம் காரணம் கமராவின் வயதல்ல, கவனிப்பின்மையே. புதுக் கமரா வாங்கி அதே அலுமாரியில் அதேபோலப் போட்டு வைத்தால் அதற்கும் இதே கதிதான்.

ஆகையால் பழுதுகளை இரண்டாகப் பிரிக்கலாம். சார்ஜ் நிற்காத பற்றரி, அழுக்கடைந்த முனைகள், வளைந்த கார்ட் ஊசி, கழன்ற இறப்பர் பிடி, சென்சரில் படிந்த தூசு ஆகியவை ஒரு வகை. இவை தேயும், அழுக்காகும், மாற்றப்படும் என்று எதிர்பார்க்கத்தக்கவை. இவற்றுக்காகக் கமராவைத் தூக்கிப் போடுவது டயர் தேய்ந்ததற்காகச் சைக்கிளை எறிவதற்குச் சமம். உப்பு ஏறி அரித்த பிரதான மின்சுற்றுப் பலகை, பழுதான சென்சர் ஆகியவை மற்ற வகை. இவற்றை மாற்றும் செலவு பெரிது. பாகம் கிடைத்தாலும் அரிப்பு அடுத்த இடத்தில் தலைகாட்டலாம். இந்த வகையென்றால் தயங்காமல் விடைகொடுப்பதே நல்லது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆர்வத்தில் நாமே கமராவைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. ஃபிளாஷுக்கு மின் தேக்கி வைக்கும் பாகத்தில், கமராவை நிறுத்திய பின்னும் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும்.

காசுக் கணக்கையும் சரியாகப் பார்க்க வேண்டும். நாம் வழக்கமாகத் திருத்தக் கூலியைப் புதுக் கமராவின் விலையோடு ஒப்பிடுகிறோம். இது பொருத்தமான ஒப்பீடல்ல. அதே தரத்தில் ஒரு பாவித்த கமராவின் விலையோடு ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரு வருட உழைப்புக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். திருத்த 20,000 ரூபாய், அதன்பின் இரண்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 ஆகிறது. பாவித்த கமரா 50,000 ரூபாய், நான்கு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 12,500. இங்கே திருத்துவதே இலாபம். ஆனால் திருத்த 30,000 கேட்டு, ஒரு வருடத்துக்குத்தான் நம்பலாம் என்று திருத்துநர் சொன்னால் கணக்குத் தலைகீழாகிவிடும். தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் செலவையும் இதில் சேர்க்க வேண்டும்.

உலகத்திலேயே மிகப் பெறுமதியான டிஜிட்டல் கமராக்களுக்கும் இதே கேள்வி வந்தது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் ஏவப்பட்டது. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் அதைக் கடைசி முறையாகப் பழுதுபார்க்கப் போனபோது அதில் இரண்டு கமராக்கள் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1993 முதல் உழைத்த கமராவைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைப் பொருத்தினார்கள். 2002இல் பூட்டிய இன்னொன்று 2007 ஜனவரியில் மின்கோளாறால் நின்றுபோயிருந்தது. அதை மாற்றவில்லை. விண்வெளியில் திறப்பதற்கென்று செய்யப்படாத அந்தப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி, மின்சுற்றுப் பலகைகளை மாற்றினார்கள். அதன் ஒரு பகுதி மீளவில்லை. மிகவும் வேண்டப்பட்ட அகலக் காட்சிப் பகுதி மீண்டது, அதுவே போதுமாயிருந்தது. ஒரே பயணத்தில் ஒன்றைத் திருத்தினார்கள், ஒன்றை மாற்றினார்கள். கழற்றிய பழைய கமராவையும் வீசிவிடவில்லை. அது பூமிக்குக் கொண்டுவரப்பட்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குப் போனது. திருத்துவது ஏழையின் வழி, மாற்றுவது வசதியுள்ளவரின் வழி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாசாவுக்குக் காசு இல்லாமலா திருத்தினார்கள்?

புதியது வேண்டும் என்பவர்களின் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. பாகங்கள் எங்கும் கிடைக்காமல் போன கமராவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. முக்கிய விழாவன்று நின்றுபோகும் என்ற பயத்தோடு ஒரு கருவியை வைத்திருக்க முடியாது. நாடகத்தைத் தரமான வீடியோவாகப் பதிய வேண்டும் என்ற தேவை புதிதாக வந்து, பழைய கமராவால் அது முடியாதென்றால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் தேவை முதலில் வர வேண்டும், ஆசை அல்ல. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியபோது, இறக்குமதிச் சாமானை நம்பியிருப்பதன் கஷ்டத்தை எல்லா வீடும் அறிந்தது. கையில் உள்ளதைக் காப்பாற்றத் தெரிந்த வீடுகள் அந்த நாட்களில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றன.

வீண்விரயம் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். உழைக்கக்கூடிய பொருளை எறிவது வீண்விரயம். செத்த பொருளுக்கு மீண்டும் மீண்டும் காசு கொட்டுவதும் வீண்விரயமே. ஐக்கிய நாடுகளின் கணிப்பின்படி 2022இல் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால்வாசிக்கும் குறைவு. கைப்பேசி, மடிக்கணினி போன்றவற்றை விற்பவர்கள் அவற்றை எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை புள்ளி என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் பிரான்ஸில் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்படியொரு சட்டம் இங்கே வரும்வரை நாமே கடையில் கேட்கலாம்: இதற்குப் பற்றரி தனியே கிடைக்குமா? பாகங்கள் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும்? யார் திருத்துவார்?

முன்னே சொல்வதாகச் சொன்ன செலவுக்கு வருகிறேன். எங்கள் கழகத்தின் படங்களில் பெரும்பகுதி இரண்டு மெமரி கார்ட்டுகளிலும் ஒரு பழைய கணினியிலும் மட்டுமே கிடக்கின்றன. கமரா போனால் இன்னொன்று வாங்கலாம். அந்தக் கார்ட்டுகள் போனால் அந்த வருடங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1990 நமக்குக் கற்றுத் தந்தது இதைத்தான். ஆகவே முதல் காசு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போக வேண்டும். ஒன்று கல்லூரியில், மற்றது வேறோர் இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வருடமும் தெரிந்தெடுத்த ஐம்பது படங்களைத் தாளில் அச்சிட்டு, யார், எங்கே, எப்போது என்று பின்புறத்தில் எழுதி வைப்போம். மின்சாரமில்லாமலும் பார்க்கக்கூடிய படம் அதுதான்.

அதன்பின் கமராவை நல்ல திருத்துநர் ஒருவரிடம் காட்டி, பழுதையும் கூலியையும் எழுத்தில் கேட்போம். பாவித்த கமரா ஒன்றின் பாதி விலைக்குள் அடங்கினால் திருத்துவோம். மீறினால் மனவருத்தமின்றி மாற்றுவோம். எது நடந்தாலும் காற்றுப் புகாத பெட்டி ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும், மாதம் ஒருமுறை கமராவை வெளியிலெடுத்து நான்கு படம் பிடிக்கும் பொறுப்பும் வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு மாணவியின் பெயரில் எழுதி ஒப்படைத்துவிட்டால், அடுத்த தலைமுறை மாணவிகள் இதே கேள்வியோடு கூட்டம் கூட வேண்டியிராது.