சில்லென்று இருந்தால் குளிர்ச்சியா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு மூடுவதே இல்லை. "அம்மா, இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்று பிள்ளைகள் நச்சரிக்க, தாய்மார்களும் தினம் ஒன்று புதுசாகச் செய்து பார்க்கிறார்கள். அதில் பல வீடுகளில் நடப்பது இந்த ஐஸ்கிரீம் சோடா. அடுப்பு வேண்டாம், மிக்சி வேண்டாம். உயரமான கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கலர் சிரப், அதன் மேல் சோடா, அதற்கும் மேல் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம். பொங்கிக்கொண்டு நுரை மேலே வரும். இரண்டு நிமிஷ வேலை. ஹோட்டலில் இதையே 'ஃப்ளோட்' என்று பெயர் சூட்டி, ஒரு ஸ்ட்ராவும் குத்தி, நாலு பங்கு விலை வாங்கிவிடுகிறார்கள்.

சித்த வைத்தியர் எழுதினால் 'தொடாதே' என்றுதான் எழுதுவார் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் குழந்தைகள் ஆசையாகக் குடிக்கட்டும். எப்படிச் செய்வது என்றுகூடக் கீழே சொல்லியிருக்கிறேன். என் ஆட்சேபணை வேறு இடத்தில். "வெயிலுக்குக் குளிர்ச்சி, குடி கண்ணு" என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அங்கேதான்.

சில்லென்று இருப்பது வேறு, குளிர்ச்சி என்பது வேறு. பாளையங்கோட்டை கல்லூரியில் குணபாடம் படிக்கும்போது எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த விஷயங்களில் இது ஒன்று. ஒரு பொருளின் சுவை என்ன, தன்மை தட்பமா வெப்பமா, செரித்த பிறகு அது என்ன சுவையாகப் பிரிகிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கையில் தொட்டால் சுடுகிறதா, குளிர்கிறதா என்பது அந்தக் கணக்கிலேயே வராது. கொதிக்கக் கொதிக்கக் குடித்தாலும் சீரகத் தண்ணீர் உடம்புக்கு இதம்தான். ஃபிரிட்ஜில் வைத்துச் சாப்பிட்டாலும் மாம்பழம் சூடுதான் என்று நம் பாட்டிமார்களே சொல்வார்களே!

'ஐஸ் பற்றிச் சித்தர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்?' என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் காலத்தில் ஐஸ் கட்டி ஏது? மெரினா கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிறதே, அந்தக் கட்டடம் 1842-ல் கட்டப்பட்டது எதற்காகத் தெரியுமா? அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுத்து, கப்பலில் சென்னைக்கு வந்த ஐஸ் கட்டிகளைப் பத்திரப்படுத்தி வைக்க! அதனால்தான் அந்த வட்டாரத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்று பெயர். நம் ஊர்த் தொண்டைக்கு ஐஸ் பழகியே இருநூறு வருஷம் ஆகவில்லை. அதனால் சுவடியில் ஐஸ்கிரீமைத் தேடாமல், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் நாம் முடிவு கட்ட வேண்டும். பால், கொழுப்பு, சர்க்கரை. மூன்றும் கபத்தை வளர்ப்பவை. இனிப்புச் சுவை மண்ணும் நீரும் சேர்ந்தது என்பது எங்கள் பாலபாடம்.

இன்னொரு விஷயமும் உண்டு. சித்திரை, வைகாசி என்றாலே பித்தம் ஏறும் காலம் என்று பொதுவாக நினைக்கிறோம். சித்த மருத்துவக் கணக்குப்படி அது இளவேனில். பனிக்காலத்தில் சேர்ந்த கபம் இளகித் தன் இடத்தை விட்டு வெளியே பாயும் காலம். "அடிக்கிற வெயில்ல இவனுக்கு எப்படி டாக்டர் சளி பிடிச்சுது?" என்று ஏப்ரல் மாதத்தில் கேட்கும் அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கும் பாத்திரத்தில் தினமும் ஒரு டம்ளர் ஊற்றினால் என்ன ஆகும்?

இங்கே பாட்டி கட்சியும் முழுக்கச் சரியில்லை, மருமகள் கட்சியும் முழுக்கச் சரியில்லை. ஐஸ் சாப்பிட்டதால் மட்டும் சளி பிடித்துவிடாது. சளிக்குக் காரணமான வைரஸ் இன்னொருவரிடமிருந்துதான் வர வேண்டும். ஆனால் இருமலும் இழுப்பும் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைக்கு, தொண்டை புண்ணாக இருக்கும்போது, இதைக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பது யார்? பாட்டிதான். அவர் பேச்சுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

சரி, நான் ஏன் இவ்வளவு கறாராகக் 'குளிர்ச்சி' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொன்னால் புரியும். பத்து வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மே மாதம் வெறும் வயிற்றிலேயே 260 என்று ரிப்போர்ட்டோடு வந்தார். மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். "அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலாம்னு வந்தேன் டாக்டர்" என்றார்.

"காபியில சர்க்கரை போடறீங்களா சார்?"

"தொடறதே இல்லை."

"ஸ்வீட்?"

"கண்ணால பார்க்கறதோட சரி."

"வெயிலுக்கு என்ன குடிக்கிறீங்க?"

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "நன்னாரி சர்பத்துதான். மூலிகைதானே! காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. சாயங்காலம் பேத்தி அதுலயே சோடா ஊத்தி ஐஸ்கிரீம் போட்டுத் தருவா. உடம்புக்குக் குளிர்ச்சின்னு நீங்கள்லாம்தானே சொல்றீங்க?"

சர்பத்தை அன்றே நிறுத்தச் சொன்னேன். மாத்திரை விஷயத்தில் அவருடைய டாக்டர் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று சொல்லி, இந்தச் சர்பத் கதையை அவரிடமும் மறைக்காமல் சொல்லும்படி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் 150-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

நன்னாரி நல்ல மூலிகை. தட்பத் தன்மை உள்ளது. சிறுநீரைப் பெருக்கும், வியர்வையை வரவழைக்கும், உடம்பைத் தேற்றும். ஆனால் பாட்டிலில் வரும் சிரப்பில் நன்னாரி வாசனைக்குத்தான் இருக்கிறது. எடையில் பெரும்பங்கு சர்க்கரை. மூலிகைப் பெயர் ஒட்டியதும் சர்க்கரை மருந்தாகிவிடுகிறது! இதில் எங்கள் துறைக்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 'உஷ்ணமா? நன்னாரி சர்பத் சாப்பிடுங்க' என்று வருகிறவர்களுக்கெல்லாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எதிரே இருப்பவருக்குச் சர்க்கரை உண்டா என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

ஹோட்டல் பாணியில் ஒரு பெரிய டம்ளர் செய்தால் என்ன சேர்கிறது என்று பேப்பரும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு மேஜைக் கரண்டி சிரப்பில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை. இனிப்புச் சோடா 200 மி.லி. என்றால் இன்னொரு 20 கிராம். இரண்டு கரண்டி ஐஸ்கிரீமில் ஒரு 25. ஆக மொத்தம் 65 கிராம். டீஸ்பூன் கணக்கில் 13! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அது பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கு. யூ.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்கு இன்னும் குறைவு.

இவ்வளவு இனிப்பான பானம் வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்கவும் இறங்காது. அதனால்தான் குடித்துக் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி தாகம். தாகத்துக்குத் தண்ணீர், மோர், இளநீர். ஐஸ்கிரீம் சோடா பலகாரம்; ஜிலேபி வரிசையில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள். ஜிலேபியை யாரும் தாகத்துக்குத் தின்பதில்லை.

இனி செய்முறைக்கு வருவோம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1874-ல் ஒரு சோடா வியாபாரி இதை முதன்முதலில் கலந்து விற்றார் என்று சொல்வார்கள். அந்த ஊரில் சார்சபரில்லா போன்ற வேர்களின் வாசனை சேர்ந்த 'ரூட் பீர்' என்ற பானத்தில்தான் இன்றும் ஐஸ்கிரீமைப் போடுகிறார்கள். நம் நன்னாரிக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயரே 'இந்திய சார்சபரில்லா'. அதனால் நன்னாரியும் சோடாவும் ஐஸ்கிரீமும் சேர்வது ஒன்றும் விநோதமில்லை. இன்னும் ஒரு சுவாரசியம். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினும், நன்னாரி வேருக்கு மணம் தரும் பொருளும் ஒரே அணுக்கள் இடம் மாறி அமைந்தவை. அண்ணன் தம்பி மாதிரி! இரண்டையும் ஒரே டம்ளரில் மோந்து பாருங்கள், தெரியும்.

சிரப் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் கேளுங்கள். மெல்லிய வேராக, உடைத்தால் மணக்க வேண்டும். தடித்த கிழங்கு மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் மாகாளிக் கிழங்கு. கெடுதல் இல்லை, ஆனால் நன்னாரி விலை கொடுக்காதீர்கள். வேரைக் கழுவி, இடித்து, நடுவில் இருக்கும் கட்டையான நரம்பை எடுத்து எறிந்துவிட்டு, மேல்பட்டையை மட்டும் ஒரு கைப்பிடி எடுத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு டம்ளரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சர்க்கரை சேராததால் மறுநாள் தாங்காது.

சின்ன டம்ளராக எடுத்துக்கொள்ளுங்கள், 200 மி.லி. போதும். பாதி டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக நன்னாரி ஊறல், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. 'பனங்கற்கண்டு போடலாமா டாக்டர்?' போடலாம், ருசி நன்றாக இருக்கும். ஆனால் அதுவும் சர்க்கரைதான், அதே ஒரு டீஸ்பூன்தான். பிறகு இனிப்பில்லாத வெறும் சோடாவைக் கொஞ்சமாக ஊற்றி, ஐஸ்கிரீம் ஒரே ஒரு கரண்டி மிதக்க விட்டு, மீதிச் சோடாவை டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக மெள்ள ஊற்றுங்கள். அவசரப்பட்டால் நுரை பாதி மேஜைக்குப் போய்விடும். சர்பத் என்ற ஞாபகத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்துவிடாதீர்கள், பால் திரியும். பாலோடு புளிப்பு சேர்ப்பது எங்கள் சாஸ்திரத்துக்கும் ஒத்துவராது. இப்படிச் செய்தால் மொத்தச் சர்க்கரை 20 கிராமுக்குள் அடங்கும். டம்ளர் சின்னதாக இருப்பதால் நிறைந்து தளும்பும். பிள்ளைகளுக்குக் குறை தெரியாது.

ஐஸ்கிரீம் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஐஸ்கிரீம் என்றால் பால் கொழுப்பில் செய்தது. தாவர எண்ணெயில் செய்ததை 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட வேண்டும் என்பது சட்டம். பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். கடையில் உடைத்து விற்கும் ஐஸ் கட்டியை இதில் போடவே கூடாது. மீனைப் பதப்படுத்தத் தயாரித்த ஐஸ் எது, குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்தது எது என்று பார்த்தால் தெரியாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தச் சின்ன டம்ளரும் வேண்டாம். சர்க்கரை போடாத நன்னாரி ஊறலை மட்டும், தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வெறும் சோடாவோடு குடிக்கட்டும். நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் உள்ளவர்களுக்குச் சோடாவே ஆகாது. வெயிலில் விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க ஓடிவரும் பிள்ளைக்கு முதலில் பானைத் தண்ணீர் ஒரு டம்ளர், அரை மணி நேரம் கழித்து மற்றது. அந்தப் பிள்ளை தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று சொன்னால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் போடுங்கள்.