விளக்கக் குறிப்பை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

பி.காம். படிக்கிறவனுக்கு டேட்டாபேஸில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு யாருங்க பேரேட்டில் பேனாவால் கணக்கு எழுதுகிறார்கள்? எல்லாம் ஏதோ ஒரு டேட்டாபேஸுக்குள்தான் போய் உட்காருகிறது. கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்க எங்களுக்கும் உரிமை உண்டு :-)

இந்தப் பதிவு போஸ்ட்கிரஸ்க்யூஎல் பற்றியது. இலவசமாகக் கிடைக்கும் டேட்டாபேஸ். 1986-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டத்தின் வாரிசு. இப்போதைய பெயர் 1996-ல் வந்தது. இதனோடு கூடவே 'பிஎஸ்க்யூஎல்' என்று ஒரு கருவி வரும். மவுஸ் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் பதில் வரும், அவ்வளவுதான். பழகிவிட்டால் இதைவிட வேகமான வழி இல்லை.

இதில் எல்லோரும் அதிகம் தட்டுவது \டி (பேக்ஸ்லாஷ் டி) என்ற கட்டளையாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு டேபிளின் பெயரைக் கொடுத்தால் அதன் ஜாதகமே வந்துவிடும். பத்திகளின் பெயர், என்ன வகை, காலியாக விடலாமா, ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன மதிப்பு விழும்... எல்லாம் கட்டம் கட்டி வரும். அதற்குக் கீழே இண்டெக்ஸ்கள், இந்த டேபிள் எதைச் சார்ந்திருக்கிறது, எந்த டேபிள்கள் இதைச் சார்ந்திருக்கின்றன என்ற விவரமும் உண்டு.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பத்தி எதற்காக இருக்கிறது என்று மனிதர் எழுதி வைத்த குறிப்பு மட்டும் வராது!

குறிப்பு எழுத வசதி இல்லையா? இருக்கிறது. 'கமெண்ட் ஆன்' என்ற கட்டளையால் டேபிளுக்கும், ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதி வைக்கலாம். அது டேட்டாபேஸுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். எழுத இடம் கொடுத்துவிட்டு, எழுதியதைக் காட்டாமல் இருப்பதுதான் என் வருத்தம்.

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குறிப்பேட்டில் ஒரு பதிவு போட்டால், பற்று எழுதி, வரவு எழுதி, கீழே அடைப்புக்குறிக்குள் 'இன்னாருக்குச் சரக்கு கடனுக்கு விற்றது' என்று ஒரு விளக்கக் குறிப்பு எழுத வேண்டும். எழுதாவிட்டால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். தொகை சரியாக இருக்கும்போது எதற்கு மார்க்கைக் குறைக்கிறார்? ஏனென்றால் எண்ணை வைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து தணிக்கைக்கு வருகிறவருக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டி.

இது வெறும் தத்துவம் இல்லை, பணம் சம்பந்தப்பட்ட விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் பில்லிங் மென்பொருளில் 'தொகை' என்ற பொருளில் இரண்டு பத்திகள். ஒன்று வரி சேர்த்தது, இன்னொன்று வரி சேர்க்காதது. எழுதிய புரோகிராமர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் \டி தட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே வகை, இரண்டு தசம இடம். பெயரை வைத்து ஊகித்து, வரி சேர்த்த பத்தியை எடுத்து ஜிஎஸ்டி சுருக்கம் தயாரித்துவிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சரக்கு ரூ.1,000. வரி 18 சதவீதம், அதாவது ரூ.180. மொத்தம் ரூ.1,180. இந்த 1,180 மீது மறுபடியும் 18 சதவீதம் போட்டால் ரூ.212.40. ஆயிரம் ரூபாய்க்கு ரூ.32.40 அதிகம்! மாதம் பத்து லட்சம் விற்கும் கடைக்கு ரூ.32,400. நல்லவேளை, ரிட்டர்ன் போடுவதற்கு முதல் நாள் கணக்குப்பிள்ளை பில் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துப் பிடித்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், 'வரி சேர்த்த தொகை' என்று பழைய புரோகிராமர் அந்தப் பத்திக்குக் குறிப்பு எழுதியே வைத்திருந்தார். புதியவர் கண்ணில் அது படவே இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கருவி காட்டியதைத்தானே அவர் பார்க்க முடியும்?

"\டி+ என்று ப்ளஸ் போட்டால் குறிப்பு வருமே" என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். வரும். எப்படி வருகிறது என்று பாருங்கள். வழக்கமான பத்திகளுக்குப் பிறகு ஸ்டோரேஜ், கம்ப்ரெஷன், ஸ்டாட்ஸ் டார்கெட் எல்லாம் வந்து, கடைசியில் வலது ஓரத்தில் குறிப்பு. சின்னத் திரையில் வரி மடங்கி, எது எதோடு சேர்ந்தது என்றே தெரியாது. அதோடு டேபிளுக்கென்று எழுதிய குறிப்பு இங்கேயும் வராது. அதற்கு டேபிள்களைப் பட்டியலிடும் வேறொரு கட்டளையில் ப்ளஸ் போட வேண்டும். வீட்டுச் சாவி ஒரு இடம், பீரோ சாவி ஒரு இடம் என்கிற கதை.

போஸ்ட்கிரஸ்ஸை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. மைஎஸ்க்யூஎல்லின் 'டிஸ்கிரைப்' கட்டளையும் குறிப்பைக் காட்டாது. ஆரக்கிளின் எஸ்க்யூஎல் ப்ளஸ்ஸிலும் அதே நிலைதான். மொத்தத் துறைக்கே இது பழக்கமாகிவிட்டது.

என் யோசனை ரொம்பச் சின்னது. \டி காட்டும் கட்டத்தை அகலப்படுத்த வேண்டாம். கீழே இண்டெக்ஸ்களுக்கு ஒரு தலைப்பு, ஃபாரின் கீக்கு ஒரு தலைப்பு வருகிறது அல்லவா? அதேபோல 'குறிப்புகள்' என்று இன்னொரு தலைப்பு. டேபிளின் குறிப்பு முதலில், பிறகு குறிப்பு உள்ள பத்திகள் மட்டும் வரிக்கு ஒன்றாக. யாரும் குறிப்பே எழுதாத டேபிளில் அந்தத் தலைப்பே வராது. அப்படியானால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

ஒன்று, திரை நிரம்பிவிடும் என்பது. நியாயமான பயம்தான். 2023-ல் வந்த 16-ஆம் பதிப்பில் ஃபங்ஷன்களின் ப்ளஸ் பட்டியலிலிருந்து முழு மூல நிரலைக் காட்டுவதை எடுத்தே விட்டார்கள், பட்டியலைப் படிக்க முடியவில்லை என்பதால். ஆனால் நிரல் நூறு வரி இருக்கும், குறிப்பு ஒரு வரி. இரண்டும் ஒன்றா?

இரண்டாவது, இந்த வெளியீட்டை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்கள் உடையும் என்பது. இந்த வடிவம் என்றைக்கு மாறாமல் இருந்தது? 2009-ல் 8.4 வந்தபோதுதான் இந்த டேபிளைச் சார்ந்த பிற டேபிள்களைக் கீழே காட்ட ஆரம்பித்தார்கள். 2017-ல் 10-ஆம் பதிப்பில் ஒரே பத்தியில் அடைத்து வைத்திருந்ததைப் பிரித்து, காலி விடலாமா, இயல்பு மதிப்பு என்ன என்று தனித்தனிப் பத்திகளாக்கினார்கள். 2025-ல் வந்த 18-ஆம் பதிப்பில் பட்டியல் கட்டளைகளோடு எக்ஸ் சேர்த்தால் நீளவாக்கில் விரித்துக் காட்டும் வசதி வந்தது. ஒவ்வொன்றும் மனிதக் கண்ணுக்காகச் செய்த மாற்றம். ஸ்கிரிப்டுக்கு விவரம் வேண்டுமென்றால் உள்ளே கேட்டலாக் டேபிள்கள் இருக்கின்றன. பிஎஸ்க்யூஎல்லும் அங்கிருந்துதான் எடுத்துக் காட்டுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். குறிப்பு கண்ணில் படாததால்தான் பலர் எழுதுவதே இல்லை. எழுதினாலும் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற அலுப்பு. தினமும் கண்ணில் பட்டால் எழுதவும் தோன்றும், தப்பாக இருந்தால் திருத்தவும் தோன்றும்.

அந்த மாற்றம் வரும்வரை நாம் செய்யக்கூடியது இரண்டு. புது டேபிளை முதல்முறை பார்க்கும்போது சோம்பல் படாமல் ப்ளஸ்ஸையும் சேர்த்துத் தட்டுங்கள். பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் நம்மிடம் வந்து கேட்க முடியாது.