அட்டைப்பெட்டியும் பாய்மரப் படகும்



எங்கள் ரிங்லெட்டில் காய்கறி ஏற்றும் அட்டைப்பெட்டி ஒன்றின் ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய தாள்கள். நடுவே நெளிநெளியாக ஒட்டிய இன்னொரு தாள். தனித்தனியே எடுத்தால் சிறு குழந்தைகூட மடித்துவிடும். ஒட்டிச் சேர்த்துவிட்டால், கிலோ கணக்கில் முட்டைக்கோஸைச் சுமந்துகொண்டு தாப்பா சாலை வளைவுகளில் இறங்கிப் போகிறது.

"மலையில் உட்கார்ந்துகொண்டு இந்த வாரம் கடலைப் பற்றியா?" என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவுடன் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார். 2024 அக்டோபர் 2-இல் கோவாவில் புறப்பட்டு, 2025 மே 29-இல் திரும்பினார்கள். நடுவில் 4 துறைமுகங்கள். மற்ற நாளெல்லாம் இரண்டு பெண்கள், ஒரு படகு, சுற்றிலும் கடல்.

அந்தப் படகின் உடல்தான் என்னை யோசிக்க வைத்தது. சுமார் 17 மீட்டர் நீளமுள்ள தாரிணி கோவாவில் கட்டப்பட்டது. நடுவே மரம், இருபுறமும் ஃபைபர்கிளாஸ். நம் அட்டைப்பெட்டிக் கணக்கேதான்.

கண்ணாடி இழை இழுவையைத் தாங்கும். பிசின் அதைப் பிடித்து வைக்கும். ஆனால் மெல்லிய தகடு அலை அடித்தால் வளையும். கனத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு 8 மடங்காகும், எடையும் கூடிவிடும். அதனால்தான் இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே இலேசான பொருளை வைத்து விலக்கி வைக்கிறார்கள். விறைப்பு கிடைக்கிறது, எடை மிச்சமாகிறது.

மிச்சமான எடை எங்கே போகிறது? படகின் அடியில் நீண்டிருக்கும் 'கீல்' பகுதிக்கு. அங்கே கனமான உலோகம் இருக்கும். காற்று பாயைத் தள்ளிச் சாய்க்கும்போது அந்தக் கனம் கீழிருந்து நிமிர்த்தும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையை இவர்கள் கடந்தபோது, 5 மீட்டருக்கும் உயர்ந்த அலைகளுக்கு நடுவே இருவரின் உயிரையும் காத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

இந்த அமைப்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. மேல்தளத்தில் ஆணிக்கும் திருகுக்கும் போடும் துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால், நீர் கசிந்து நடு மரம் உளுத்துப்போகும், தோல்கள் பிரிந்துவிடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். லங்காவியிலோ போர்ட் கிள்ளானிலோ பழைய படகு வாங்கும் எண்ணமுள்ள இளைஞர்கள், சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்குவது மாதிரிதான். 'டங்' என்றால் நல்லது; 'தொப்' என்றால் உள்ளே கோளாறு. சந்தேகமிருந்தால் பணம் கொடுக்குமுன் படகு ஆய்வாளரை அழையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இயற்பியலும் கணிதமும் நன்றாக வருகிற பிள்ளைக்கு மருத்துவமும் கணினியும் மட்டுமே வழியல்ல. ஜோகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கப்பல் வடிவமைப்புக் கல்வி தருகிறது. கடலே பார்க்காத தோட்டத்துப் பிள்ளையும் அதைப் படிக்கலாம். அடுத்த முறை மகள் ஒரு பொருளைப் பிரித்துப் போட்டு 'உள்ளே என்ன இருக்கிறது' என்று பார்த்தால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.