பணியிடப் பிணக்கும் ஒரு துணி விரிப்பும்

பணியிடங்களில் எழும் பூசல்களுள் பெரும்பாலானவை பணியைப் பற்றியவை அல்ல என்பது என் துணிபு. யார் பெயர் முதலில் அச்சேற வேண்டும், யாரைக் கேளாமல் முடிவெடுத்தார்கள் என்பனவே மெய்யான வழக்குகள். விழா அழைப்பிதழின் பெயர் வரிசையால் மனத்தாங்கல் கொண்ட பேராசிரியர் இருவர், ஒரே அறையில் ஓராண்டுக்காலம் முகம் பாராது அமர்ந்திருந்ததை நான் அறிவேன். அவ்வாண்டு அவர்கள் நடத்திய பாடம் திருக்குறளின் சான்றாண்மை அதிகாரம்!

இத்தகைய பிணக்குக்குப் பழையதோர் எடுத்துக்காட்டு கஅபாவைப் புதுப்பித்துக் கட்டிய வரலாற்றில் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அப்போது வயது 35. நபித்துவம் அருளப்பெற இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. குறைஷிக் கிளையினர் சுவர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு கட்டினர். உழைக்கும்வரை சண்டையில்லை. ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் பொருத்தும் வேளை வந்ததும், அப்பெருமை தமக்கே உரியதென ஒவ்வொரு கிளையும் எழுந்தது. அப்துத்தார் கிளையினர் குருதி நிறைந்த கிண்ணத்தில் கை நனைத்துச் சூளுரைத்தனர் என்பர் வரலாற்றாசிரியர். நான்கைந்து நாள்கள் இவ்வாறே கழிந்தன. பின்னர் மூத்தவரான அபூ உமையா, வாயில் வழியே முதலில் நுழைபவரை நடுவராக ஏற்போம் என்றார். நுழைந்தவர், 'அல் அமீன்' என அவர்களே போற்றிவந்த அண்ணலார்.

எந்தக் கிளையின் கோரிக்கை நியாயமானது என்று அண்ணலார் ஆராயவில்லை. இதனை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஆராய்ந்து தீர்ப்பளித்திருந்தால் ஒரு கிளை வென்றிருக்கும். ஏனையோர் நெஞ்சில் நெருப்பு நீறு பூத்துக் கிடந்திருக்கும். ஒரு துணியைக் கொணர்ந்து விரிக்கச் செய்து, கல்லை அதன்மேல் வைத்து, கிளைக்கொருவர் அதன் ஓரத்தைப் பற்றித் தூக்குமாறு பணித்தார்கள். உரிய உயரம் வந்ததும் தம் கரத்தாலேயே எடுத்துப் பொருத்தினார்கள். தூக்கிய பெருமை அனைவருக்கும் கிட்டியது, கட்டுமானமும் தொடர்ந்தது.

டேனியல் கோல்மன் 1995-இல் வெளியிட்ட நூலுக்குப் பின் 'உணர்ச்சி நுண்ணறிவு' என்னும் தொடர் மேலாண்மைக் கல்வியில் பெருவழக்காயிற்று. அதன் சாரம், எதிரே நிற்பவர் நாடுவது கல்லையா, மதிப்பையா எனப் பிரித்தறிவதே என்பேன்.

ஆயினும் எல்லா வழக்குக்கும் துணி விரிக்கலாகாது. கூலி தராத முதலாளிக்கும் அதைக் கேட்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று, "பாதியை வாங்கிக்கொள், தம்பி" என்று முடித்துவைப்பதைச் சமரசம் என்று நம் பெரியவர்களுள் சிலர் கருதுகின்றனர். அது வலியவர் பக்கம் சாய்ந்த தீர்ப்பு. பெருமையைப் பங்கிடலாம், உழைத்த கூலியைப் பங்கிட நடுவருக்கு உரிமை ஏது?

மேலே கூறிய பேராசிரியர் இருவரின் வழக்கோ வெறும் பெருமை வழக்கு. பெயர்களை அகரவரிசையில் இடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். சொல்ல வேண்டிய துறைத்தலைவரோ, இருவருள் பணியில் மூத்தவர் யாரெனப் பணிப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.