கோட்டையும் கணக்கேடும்

டென்மார்க்கின் வடகிழக்குக் கரையில், ஹெல்சிங்கோர் நகரின் கடல்முனையில் நிற்கும் குரோன்போர்க் கோட்டையைக் காண வருகிற யாத்திரிகர்களில் பலர், அங்கே ஒருநாளும் வாழ்ந்திராத ஒரு ராஜகுமாரனைத் தேடியே வருகிறார்கள். ஷேக்ஸ்பியர் தம் ஹாம்லெட் நாடகத்துக்கு இவ்வூரைக் களமாக்கினார். ஆனால் அக்கதைக்கு மூலமான ஆம்லெத்தின் விருத்தாந்தத்தைச் சுமார் 1200-ஆம் ஆண்டையொட்டி எழுதிவைத்த சாக்ஸோ கிராமாட்டிகஸ், அது ஜட்லாந்துப் பிரதேசத்தில் நடந்ததாகவே சொல்கிறார். கற்பனையை ரசிப்பதில் குற்றமில்லை; எனினும், இத்தனை பெரிய மாளிகையை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்று வினவாமல் திரும்புகிறவர், கோட்டையைக் கண்டாரேயன்றி அதன் சரித்திரத்தைக் கண்டவராகார் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வினாவுக்கு விடை கோட்டையின் சாளரங்களுக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே ஓரசுந்த் ஜலசந்தியின் அகலம் சுமார் 4 கிலோமீட்டர்தான். இன்று ஸ்வீடனாக இருக்கும் அக்கரையும் 1658 வரை டென்மார்க்கின் பூமியாகவே இருந்தது. பால்டிக் நாடுகளின் தானியமும் மரமும் தாரும் மேற்கே போகவும், உப்பும் திராட்சை மதுவும் கிழக்கே வரவும் பிரதான வழியாக இருந்த இந்த நீர்வாசலில், பொமரேனியாவின் எரிக் மன்னர் 1420-களில் கப்பல்களுக்குத் தீர்வை விதித்து, அதை வசூலிக்கும் பலத்துக்காக இங்கே ஓர் அரணையும் எழுப்பினார். பின்னாளில் சரக்கின் மதிப்புக்கு ஏற்பத் தீர்வை வாங்கலானபோது, மதிப்பைச் சொல்லும் பொறுப்பு கப்பல் தலைவனிடமே விடப்பட்டது. ஆனால் அவன் சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமையை மன்னர் தம்மிடம் வைத்துக்கொண்டபடியால், குறைத்துச் சொல்கிறவன் தன் வாயாலேயே நஷ்டமடைவான். இத்தகைய வருமானம் பெற்ற இரண்டாம் பிரெடெரிக், 1574 முதல் 1585 வரை பழைய அரணை மறுமலர்ச்சிக்கால மாளிகையாக மாற்றினார். 1629-இல் தீப்பற்றி அது எரிந்தபின் நான்காம் கிறிஸ்டியன் மீண்டும் எடுத்துக் கட்டினார். 1857-இல்தான் பல நாடுகள் கூடி, டென்மார்க்குக்கு ஈட்டுத்தொகை கொடுத்து, இத்தீர்வையை ஒழித்தன.

கணக்கு வறட்டு விஷயம், கதையே இனிமையானது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 1497-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கி, இடையிடையே சில ஆண்டுகள் நீங்கலாக 1857 வரை கிடைக்கும் தீர்வைப் பதிவேடுகளோ அந்த ஆட்சேபத்தைப் பொய்யாக்குகின்றன. கப்பல் தலைவன் பெயர், அவனுடைய ஊர், அவன் ஏற்றிய பண்டம், செலுத்திய தொகை என்று சுமார் 18 லட்சம் பிரயாணங்களின் விவரம் அவற்றில் உள்ளது. நாடகாசிரியர்களும் மன்னர்களும் கண்டுகொள்ளாத மனிதர்கள் அப்பக்கங்களில் பெயரோடு வாழ்கிறார்கள். கோட்டையை 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற யுனெஸ்கோ, 2007-இல் இந்தப் பதிவேடுகளையும் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது பொருத்தமே.

இந்த விசாரணை நமக்கும் அந்நியமன்று. குரோன்போர்க்கைப் புதுப்பித்த அதே நான்காம் கிறிஸ்டியனின் ஆட்சியில், 1616-இல் ஏற்பட்ட டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பாக வந்த ஓவே ஜெட்டே, 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டைக்கு அடிகோலினார். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அங்கே வியாபாரமும் அதிகாரமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

ஆகவே கோட்டைகளைக் காட்டுகிற ஸ்தாபனங்களுக்கு ஒரு விண்ணப்பம்: கட்டிய மன்னர் பெயரை எழுதும் பலகையிலேயே, கட்டுவதற்குப் பணம் தந்தவர் யார், அது எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் எழுதிவையுங்கள். பிறர் செலவில் எழுந்த கட்டடத்தை வியக்கும் உரிமை நமக்கு உண்டு; செலவு செய்தவரை அறிந்துகொண்டு வியப்பதே நியாயம்.