வீட்டைச் சுமக்கும் சிவப்பு எண்ணெய்

அமெரிக்காவில் சாலைகளில் வீடுகள் ஓடுகின்றன!

படுக்கை, அடுப்பு, குளியல் அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த வண்டிக்குள் இருக்கும். முன்னால் டிரைவர் ஆசனம். இதற்கு "மோட்டார் வீடு" என்று பெயர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர், இருந்த வீட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியேறி விடுகிறார்கள். கணவனும் மனைவியும் ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் அந்த வண்டியில் இருக்கிறது.

அந்தப் பணத்தைக் காப்பதில் பெரும் பங்கு ஓர் எண்ணெய்க்கு உண்டு. அது சிவப்பு எண்ணெய்.

நான்கு வேலை

மோட்டார் வீடுகளில் பெரும்பாலும் கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானாகவே மாறும். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இப்படிப்பட்ட கியர் பெட்டியை ஓல்ட்ஸ்மொபில் காருக்காகக் கொண்டு வந்தது.

இந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்கு வேலை நான்கு. எஞ்சினின் விசையைக் கியருக்குக் கொண்டு போகிறது. அழுத்தம் கொடுத்துக் கியரை மாற்றுகிறது. பல் சக்கரங்கள் தேயாமல் காக்கிறது. சூட்டை வெளியே எடுத்துச் செல்கிறது.

எண்ணெய் கெட்டால் நான்கும் கெடும்!

சூடுதான் எதிரி

போர்டு இ-450 என்ற அடிச்சட்டத்தின் மேல் பல மோட்டார் வீடுகள் கட்டப்படுகின்றன. அதன் மொத்த எடை 14,500 பவுண்டு வரை போகலாம். அதாவது ஆறரை டன்! இது போதாது என்று, பின்னால் ஒரு சிறிய காரையும் கட்டி இழுக்கிறார்கள்.

டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போகும் 70-ம் எண் நெடுஞ்சாலை, சுமார் 60 மைல் தூரத்தில் ஐசனோவர் சுரங்கப் பாதையை அடைகிறது. அதன் உயரம் 11,000 அடிக்கு மேல். இந்த மலையில் ஆறரை டன் வீடு ஏறும்போது, எண்ணெய் கொதிப்பதைப் போலச் சூடாகிறது.

மெக்கானிக்குகள் ஒரு கணக்குச் சொல்வது உண்டு. 175 டிகிரி பாரன்ஹீட் வரை எண்ணெய் நன்றாக உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும்.

எல்லா எண்ணெயும் ஒன்றா?

இல்லவே இல்லை. 1949-ல் "டைப் ஏ" என்ற தரம் வந்தது. 1967-ல் "டெக்ஸ்ரான்" வந்தது. அந்தக் காலத்தில் இந்த எண்ணெயில் திமிங்கல எண்ணெய் கூடக் கலந்தார்கள்! 1970-ல் அமெரிக்க அரசு அந்தத் திமிங்கலத்தை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய்க் கம்பெனிகள் வேறு சரக்கைத் தேட வேண்டியதாயிற்று. 2005-ல் "டெக்ஸ்ரான் 6" வந்தது.

போர்டு வண்டிகளுக்கு "மெர்க்கான் வி", "மெர்க்கான் எல்வி" என்று தனித்தனி எண்ணெய்கள் உண்டு. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒன்று கெட்டி, மற்றொன்று இளக்கம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. பெரிய மோட்டார் வீடுகளில் உள்ள அல்லிசன் கியர் பெட்டிக்கு வேறு தரம்.

கடையில் "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று எழுதிய புட்டி மலிவாகக் கிடைக்கும். அதில் சில டாலர் மிச்சமாகலாம். கியர் பெட்டி போனால் பல ஆயிரம் டாலர் போகும்! வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ, அதையே வாங்க வேண்டும்.

யாருடைய ஆயுள்?

"இது ஆயுள் எண்ணெய். மாற்றவே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். யாருடைய ஆயுள்? கியர் பெட்டி உடைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. எண்ணெயும் அதுவரை உழைத்துவிட்டது. விற்றவர் வாக்கு ஒருநாளும் பொய்யாகாது! நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

பாரம் இழுக்கும் வண்டிகளுக்கு எண்ணெயைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று பல புத்தகங்களில் தனியாக எழுதியிருக்கும். அதுதான் மோட்டார் வீட்டுக்கு உரிய கணக்கு. மாதக் கணக்கில் சும்மா நிற்கும் வண்டிக்கு மைல் கணக்கு மட்டும் போதாது. ஆண்டுக் கணக்கும் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி?

சமதரையில் வண்டியை நிறுத்த வேண்டும். எண்ணெய் சூடாக இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். குச்சி இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றுக்குப் புத்தகம் வழி சொல்லும்.

எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகிய நாற்றம் வந்தால் கெட்டுவிட்டது. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்போது வண்டியை ஓட்டவே கூடாது.

அளவு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அதிகமானால் பல் சக்கரங்கள் அடித்து நுரை கிளம்பும். நுரையால் கியரை அழுத்த முடியாது.

மாற்றும்போது வடிகட்டியையும் மாற்ற வேண்டும். பழைய எண்ணெய் முழுவதும் வெளியே வராது. எனவே வெளியே வந்த அளவுக்கே புதிது ஊற்றி, பிறகு குச்சியைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

கூரை ஒழுகினால் உள்ளே இருப்பவருக்கு உடனே தெரியும். எண்ணெய் கெடுவது தெரியாது. நடுக்காட்டில் வண்டி நின்ற பிறகே தெரியும். அன்று நிற்பது வண்டி மட்டும் அல்ல. குடியிருக்கும் வீடும் நிற்கிறது. புறப்படும் முன் ஐந்து நிமிஷம் செலவிட்டுக் குச்சியைப் பார்ப்பவருக்கு அந்தக் கஷ்டம் வருவது அரிது.